சுத்தம் என்ற சொல்லும் ஐடா ஸ்கடரின் சாலையும்

சுத்தம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள் உண்டு. யார் தொட்டது, யார் சமைத்தது, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று விசாரிக்கிற சுத்தம் ஒன்று. தண்ணீரைக் காய்ச்சினீர்களா, சோற்றை மூடி வைத்தீர்களா, கையைக் கழுவினீர்களா என்று விசாரிக்கிற சுத்தம் மற்றொன்று. முதலாவது சாதியின் சுத்தம். இரண்டாவது சுகாதாரத்தின் சுத்தம். முதலாவதை நம் மீது சுமத்தியவர்கள், இரண்டாவதற்குத் தேவையான நல்ல கிணற்றையும் காற்றோட்டமான குடியிருப்பையும் நமக்குத் தராமல் பார்த்துக்கொண்டார்கள். அழுக்கான வேலை முழுவதையும் சேரியிடம் தள்ளிவிட்டு, சேரியையே அழுக்கு என்றார்கள்.

பாலாற்றங்கரைத் தோல் பகுதியில், வேலூர் முதல் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வரை, இந்த இரண்டாவது சுத்தத்தைச் சாலை வழியாகக் கொண்டுபோனவர்களில் முதலிடம் பெறுபவர் மருத்துவர் ஐடா சோஃபியா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவர் என்று எல்லோரும் அறிவோம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களும் அவர் பெயரை அறிவார்கள். ஆனால் அவர் வாழ்க்கையைச் சேரியின் பக்கத்திலிருந்து நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. கட்டடத்தைப் பார்த்தோம்; அந்தக் கட்டடத்திலிருந்து அவர் எழுந்து போன சாலையைப் பார்க்கவில்லை.

பஞ்சத்தில் கழிந்த குழந்தைப் பருவம்

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ ஊழியர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஐடாவின் அப்பாவும் மருத்துவரே. அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான். இந்த மிஷனின் கிராமச் சபைகளில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள். பள்ளிக்கூட வாசலும் மருந்துச் சீசாவும் பலருக்கு முதன்முதலில் கிடைத்தது இந்த வழியாகத்தான்.

ஐடா சிறுமியாக இருந்தபோது 1876 முதல் 1878 வரை தாதுவருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றது. வட ஆற்காடு அதில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. பசியில் எழ முடியாத பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கிள்ளி வாயில் ஊட்டியது அவருடைய சிறுவயது நினைவுகளில் முக்கியமானதாகச் சொல்லப்படுகிறது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் கூலிக்காரர்கள். தானியம் இல்லாதபோது களத்துக் கூலியும் இல்லை. மாடுகள் செத்து விழுந்தன, தோல் மலிந்தது. மனிதர் பட்டினி கிடந்த ஆண்டுகளில் தோல் வியாபாரம் பெருகியது. நம் பகுதியின் செல்வத்துக்கும் நம் மக்களின் வறுமைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

பிறகு குடும்பத்தோடு அமெரிக்கா சென்ற ஐடா, அங்கேயே படித்தார். இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் அவருக்கு இல்லை. 1890இல் அம்மாவின் உடல்நலம் கெட்டதால் திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச காலம் உதவியாக இருந்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தார்.

கதவைத் தட்டியவர்களும் தட்ட முடியாதவர்களும்

அடுத்து நடந்ததைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஒரே இரவில் மூன்று பேர் திண்டிவனத்து மிஷன் பங்களாவின் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர். உடனே வரத் தயாராக இருந்தார். அந்நிய ஆண் உள்ளே வந்து பெண்ணைப் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை, நீங்கள் வாருங்கள் என்று அவர்கள் ஐடாவை அழைத்தார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மருத்துவம் படித்துத் திரும்பி வருவது என்று ஐடா அன்று முடிவெடுத்தார்.

இந்தக் கதையை நாம் இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். முதலாவது, சாதியின் சுத்தமும் குடும்ப மானமும் தம் சொந்தப் பெண்களையே கொன்றன. சேரியை வெளியே நிறுத்திய அதே வேலி, மேல்தெருப் பெண்ணை உள்ளே பூட்டி வைத்திருந்தது. மருத்துவர் அடுத்த தெருவில் இருந்தும் அவள் சாக நேர்ந்தது அந்த வேலியால்தான்.

இரண்டாவது, அந்த மூவரும் பங்களாவின் தாழ்வாரம் வரை வந்து இரவில் கதவைத் தட்டக்கூடியவர்கள். சேரியில் ஒருத்திக்கு வலி எடுத்தால் அவள் புருஷன் எந்தக் கதவைத் தட்டுவான்? நம் பெண்களுக்குப் பேறு பார்த்தவர்கள் நம் கிழவிகள். அவர்கள் கையில் அனுபவம் இருந்தது. கொதிக்க வைத்த கத்தி இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலும், தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வரும் ரணஜன்னியும் எத்தனை உயிரைக் கொண்டுபோயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்த இரவின் கதையில் நம் பெண்கள் இல்லை. ஆனால் அந்தக் கதை தொடங்கிவைத்த வேலையில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அது எப்படி என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஐடா 1895இல் பிலடெல்பியாவில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். கார்னல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்டுவதற்காக, நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் தம் இறந்த மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900இல் ஐடா வேலூருக்கு வந்தார். வந்த சில மாதங்களில் அப்பா இறந்துபோனார். பங்களாவின் ஓர் அறையில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது. 1902இல் 40 படுக்கை கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

எலியும் தண்ணீரும்

அவர் வந்திறங்கிய காலம் கொள்ளைநோய்களின் காலம். 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், சில ஆண்டுகளில் தெற்கே சென்னை மாகாணத்துக்குள்ளும் வந்தது. வாந்திபேதி என்ற காலரா ஆண்டுதோறும் திருவிழாவும் கோடைத் தண்ணீர்ப் பஞ்சமும் வரும்போது கூடவே வந்தது. பெரியம்மை இருந்தது. தொழுநோய் எங்கும் இருந்தது. பிரசவம் பார்க்க வந்த பெண் மருத்துவர் பிளேக், காலரா, தொழுநோய் ஆகியவற்றோடும் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

மருத்துவ அறிவும் அப்போது புதிதாக இருந்தது. காலராக் கிருமி குடிதண்ணீர்க் குளத்தில் வாழ்கிறது என்பதை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் காட்டினார். பிளேக் கிருமியை யெர்சின் 1894இல் கண்டார். எலியின் தெள்ளுப்பூச்சிதான் அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது என்று சைமன்ட் 1898இல் நிறுவினார். ஹாஃப்கின் 1897இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். இவை அனைத்தும் ஐடா மருத்துவம் படிப்பதற்குச் சற்று முன்னும் படிக்கும்போதும் வெளிவந்தவை. அவர் பெட்டியில் கொண்டுவந்த மருந்துகளைவிட இந்த அறிவு பெரிது.

நமக்கு இதில் என்ன? தெய்வக் குற்றமோ முற்பிறவி வினையோ நோயைத் தருவதில்லை. தண்ணீரும் எலியும் ஈயும் கைவிரலும் தருகின்றன என்று ஆனபின், சாதியின் சுத்தம் அறிவின் முன் தோற்றுப்போனது. குளித்து மடி உடுத்தியவர் காய்ச்சாத தண்ணீரைக் குடித்தால் அவருக்கும் வாந்திபேதி வரும். சேரிக்காரர் காய்ச்சிக் குடித்தால் வராது. கிருமி சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை.

ஆனால் கிருமி சாதி பார்க்காவிட்டாலும் கிணறு பார்த்தது. ஊர்க்கிணற்றில் நாம் நீர் இறைக்கக் கூடாது. யாராவது மனமிரங்கி ஊற்றும் வரை குடத்தோடு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாடு குளிக்கும் குட்டையிலும் வாய்க்காலிலும் மொள்ள வேண்டும். பிணம் சுமந்ததும் குழி வெட்டியதும் சாவுச் செய்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நம் மக்களே. கொள்ளைநோய் வந்த ஊரில் நோயாளிக்கு மிக அருகில் நின்றவர்களும் மருந்திலிருந்து மிகத் தொலைவில் நின்றவர்களும் ஒரே ஆட்கள். இதை எந்தப் பெரிய மருத்துவமனையும் உள்ளே உட்கார்ந்துகொண்டு தீர்த்துவிட முடியாது.

மரத்தடிக்கு வந்த மருத்துவமனை

இதை ஐடா விரைவில் உணர்ந்தார். நோயாளி வேலூருக்கு வரும்வரை காத்திருந்தால், முற்றிப்போன பிறகே வருகிறார். பலர் வருவதே இல்லை. நடக்க முடியாதவர், வண்டிக்கூலி இல்லாதவர், ஒரு நாள் கூலியை இழந்தால் அன்று அடுப்பு எரியாதவர் எப்படி வருவார்? 1906 வாக்கில் அவர் மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போகத் தொடங்கினார். 1909இல் பியூஜோ என்ற சிறிய பிரெஞ்சு மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது. மாடில்லாமல் ஓடிவரும் வண்டியைப் பார்த்துப் பேய் என்று மக்கள் ஓடியதாகச் சொல்வார்கள். சில வாரங்களில் அதே மக்கள் அதற்காகச் சாலையோரம் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலை அதில் பேர்பெற்றது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மரத்தடியில் வண்டி நிற்கும். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, கட்டி அறுப்பது, பெரிய நோயென்றால் வேலூருக்கு அழைத்துப் போவது. மருந்தோடு பேச்சும் உண்டு. எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், புண்ணை எதனால் மூடக் கூடாது என்ற பேச்சு.

இந்த மரத்தடியை நாம் அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. மருத்துவமனை ஊருக்குள் இருந்தால் ஊரின் சட்டம் அங்கும் நுழையும். கோயில் தெருவில் ஒரு வைத்தியசாலை வைத்தால் சேரிக்காரர் எந்த வழியாக அங்கே போவார்? சாலை வேறு. ஊருக்கும் சேரிக்கும் நடுவில், இரண்டுக்கும் சொந்தமில்லாமல், வண்டியும் மாடும் போகிற இடம். அங்கே திண்ணை இல்லை, வாசற்படி இல்லை. தொழுநோயாளியும் அங்கே வந்து உட்கார முடிந்தது.

அந்தச் சாலையில்கூட நமக்கு உரிமை எழுத்தில் இல்லாத காலம் அது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிப் புழங்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். அதாவது, ஐடாவின் மோட்டார் வண்டி குடியாத்தம் சாலையில் ஓடத் தொடங்கி 15 ஆண்டுகளுக்குப் பிறகு. மருத்துவர் வழக்கத்தில் செய்ததைச் சட்டத்தில் எழுத நம் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். இரண்டும் சேர்ந்தால்தான் பொதுச் சுகாதாரம். சட்டம் இல்லாத வைத்தியம் கருணையோடு நின்றுவிடும். வைத்தியம் இல்லாத சட்டம் தாளோடு நின்றுவிடும்.

தோலும் செத்த மாடும்

தோல் பகுதியின் சுகாதாரத்தைத் தோலை விட்டுவிட்டுப் பேச முடியாது. குரோம் வருவதற்கு முன் இங்கே தோல் பதனிட்டது சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்களின் கால் வெந்தது. மயிர் சீவியவர்களின் கை வெடித்தது. பின்னால் குரோம் வந்தபோது குரோம் புண் வந்தது. தோல் ஷாப்பு முதலாளிகள் வேறு. குழியில் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள்.

இதைவிடப் பழைய ஆபத்து செத்த மாடு. ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போவது சேரியின் கட்டாய வேலை. தோலை உரித்துக் கொடுக்க வேண்டும். கூலிக்குப் பதில் அந்தக் கறி. மாடு எதனால் செத்தது என்று கேட்கும் உரிமை கிடையாது. அடைப்பான் நோயில் செத்த மாடாக இருந்தால், உரிக்கும் கையிலேயே கருத்த புண் வரும். தின்றால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். தோலோடும் மயிரோடும் பயணம் போகும். வேலூர் வட்டாரத்தில் மனிதருக்கு அடைப்பான் வந்ததை சி.எம்.சி.யின் ஆய்வகம் அண்மைக்காலம் வரை பதிவு செய்திருக்கிறது.

1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் குடிக்க மக்களை அழைத்துப்போன அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை விட்டுவிடுங்கள் என்றும் அவர்களிடம் கேட்டார். பலர் இதைச் சாதியின் சுத்தத்துக்குப் பணிந்துபோவதாகத் தவறாகப் படிக்கிறார்கள். எச்சில் உணவையும் செத்த உணவையும் கூலியாக வாங்க மாட்டோம் என்பது தன்மானக் கோரிக்கை. அதுவே சுகாதாரக் கோரிக்கையும்கூட. நல்ல தண்ணீரும் நல்ல உணவும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள் என்று அவர் கண்டார்.

1918

1918 நம் கதையில் ஒரு முக்கியமான ஆண்டு. அந்த ஆகஸ்டில் ஐடா வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரும் என்று அரசின் தலைமை மருத்துவ அதிகாரி நினைத்தார். வந்தவை 151. முதல் அணியில் 14 பெண்கள் 1922இல் எல்.எம்.பி. தேர்வில் தேறினார்கள். அதற்கு முன்பே, 1909இல், செவிலியர் பயிற்சியையும் அவர் தொடங்கியிருந்தார். 1946இல் அது பட்டக் கல்லூரியாயிற்று. ஒரு மருத்துவர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? நூறு பெண்களைப் பயிற்றுவித்தால் நூறு மரத்தடிக்குப் போகலாம். இந்த எளிய கணக்கில்தான் கல்லூரி பிறந்தது.

பள்ளி திறந்த சில வாரங்களில் உலகையே சுற்றிய விஷக்காய்ச்சல் இந்தியாவைத் தாக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சத்தில்லாத உடம்பும் நெரிசலான குடிசையும் உள்ளவர்கள் அதிகம் செத்தார்கள். அதே 1918இல் சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. பாலில் தண்ணீர், நெய்யில் கொழுப்பு, எண்ணெயில் மட்ட எண்ணெய் என்ற மோசடியை அரசு தனிச் சட்டத்தில் குற்றமாக எழுதியது. 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. தண்ணீர், கழிவு, தொற்றுநோய், உணவு எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது அது. மருத்துவமனை தனியாக, சாக்கடை தனியாக, கறிக்கடை தனியாக இல்லை என்ற புரிதல் சட்டமாவதற்கு அவ்வளவு காலம் ஆயிற்று.

செருப்பு மருந்தானது

ஐடா 1946இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவர் தலைமையேற்றார். கல்லூரி 1942இல் எம்.பி.பி.எஸ். நிலைக்கு உயர்ந்திருந்தது, பிறகு ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். சாலையோரத்தில் ஐடா கட்டுப்போட்ட தொழுநோய்ப் புண்களுக்கு அடுத்த தலைமுறை விடை தேடியது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். விரல் உதிர்வது நோய் தின்பதால் அல்ல, உணர்ச்சி மரத்துப்போன கைகாலில் காயம் படுவதும் அது தெரியாமல் போவதுமே காரணம் என்று காட்டினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்தது.

காலைக் காயத்திலிருந்து காக்க என்ன மருந்து? செருப்பு. மெத்தென்ற ரப்பர் வைத்து, கால் அளவுக்குத் தைத்த செருப்பு. அதற்காகச் செருப்புத் தைக்கத் தெரிந்தவர்களை மருத்துவர்கள் தேடினார்கள். எந்தத் தொழிலைச் சொல்லி நம்மை ஒதுக்கினார்களோ, அந்தத் தொழில் மருத்துவமனைக்குள் மதிப்போடு நுழைந்தது. மருத்துவரின் கத்திக்குப் பக்கத்தில் தோல் வெட்டும் உளி இடம்பிடித்தது. தோல் பகுதியில் பிறந்த நாம் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய பக்கம் இது.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். வயது 89.

வணங்குவதற்கு அல்ல

ஐடாவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் சாதி ஒழிப்புப் போராளி அல்ல. வெள்ளைக்கார அரசின் நிழலில், அமெரிக்கச் சபைகளின் நன்கொடையில், மதப்பணியின் பகுதியாக வேலை செய்தவர். வேலூருக்கு வெள்ளைக்காரப் பெண் வந்து வைத்தியம் செய்ய நேர்ந்ததே, உள்ளூர்ச் செல்வந்தர்கள் தம் அருகிலிருந்த சேரிக்கு ஒரு கட்டிலைக்கூடப் போடவில்லை என்பதன் சாட்சி. கருணையால் கிடைத்தது உரிமையாக மாறாவிட்டால், கொடுத்தவர் போனதும் அதுவும் போகும்.

ஆனால் அவர் விட்டுச்சென்ற முறை போகவில்லை. குடியாத்தம் செல்லும் வழியில் கே.வி. குப்பத்தில் 1977இல் தொடங்கிய ரூஷா கிராமச் சுகாதார மையம் அந்த மரத்தடியின் தொடர்ச்சி. 1980களில் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் அமைத்த நாடி என்ற வட ஆற்காடு நோய்த் தகவல் முறையும் அப்படியே. மாவட்டத்தில் எந்த மருத்துவமனையில் எந்தத் தொற்றுநோய் கண்டாலும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் போதும். எந்த ஊரில் நோய் கிளம்புகிறது என்று தெரிந்துவிடும். கை பிடித்து நாடி பார்ப்பதுபோல மாவட்டத்துக்கே நாடி பார்த்தார்கள். வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாள் முதல் பின்தொடர்ந்து வயிற்றுப்போக்கை ஆராய்ந்தவர்களின் உழைப்பு, ரோட்டா வைரஸ் தடுப்பூசி பற்றிய அறிவுக்கு உதவியது. அந்தக் குழந்தைகள் உலகத்துக்கு அறிவைத் தந்தார்கள். அவர்கள் தெருக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா என்று நாம் கேட்க வேண்டும்.

இன்று நம் கேள்வி

நோய் மாறியிருக்கிறது, இடம் மாறவில்லை. பாலாற்றில் கலந்த தோல் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே சட்டமாக்கியது நம் பாலாறு. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு நிலத்தை வைத்துப் போடப்படும்போது, நிலமே இல்லாமல் அந்தத் தண்ணீரைக் குடித்த கூலிக்காரருக்கு என்ன கணக்கு? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கிச் செத்தார்கள்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பிள்ளைகளுக்கு நோய் கண்டபோது தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகே, தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே வந்தது. சாதியின் சுத்தம், சுகாதாரத்தின் சுத்தத்தை இதைவிட வெளிப்படையாகத் தாக்க முடியாது.

அதே ஆண்டு மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவிக்கப்பட்டபோது மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, விழா தள்ளிப்போனது. இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கண்டித்தது. ஒரு கறி சுத்தமா என்று முடிவுசெய்யும் அளவுகோல் எது? மாட்டை அறுக்குமுன் கால்நடை மருத்துவர் பார்த்தாரா, இறைச்சிக்கூடத்தில் ஓடும் தண்ணீர் இருக்கிறதா, கறியைக் குளிரில் வைத்தார்களா, எண்ணெயை எத்தனை முறை காய்ச்சினார்கள் என்று கேட்பது சுகாதாரம். எந்த மிருகம், யார் தின்பது என்று மட்டும் கேட்பது சாதி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரால் இரண்டாவதைச் செய்ய யாருக்கும் அதிகாரமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஒவ்வொரு காலனிக் குழாயின் குடிநீர்ப் பரிசோதனை முடிவையும் மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்திலும் அந்தத் தெருவிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தோல் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் ஆண்டுக்கொரு முறை தோல், நுரையீரல் பரிசோதனை செய்து, அதன் அறிக்கையைத் தொழிலாளர் கையில் தர வேண்டும். கம்பெனி வாசல் தள்ளுவண்டிகளுக்கும் மாட்டுக்கறிக் கடைகளுக்கும் அபராதச் சீட்டோடு நிறுத்தாமல், நல்ல தண்ணீர்க் குழாயும் முறையான இறைச்சிக்கூடமும் கட்டித்தர வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் சாலைக்கு இறங்கினார். இன்று அதிகாரிகளிடம் ஜீப் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. காலனிக்குத் திரும்பும் வளைவில் வண்டியை நிறுத்தி, குழாயைத் திறந்து ஒரு சீசாவில் தண்ணீர் பிடிப்பதுதான் பாக்கி.